மலை ஏறும் கான்கிரீட்டுக்கு என்ன விலை

"கூலிக்காரன் ஊட்டுப் புள்ளைய ரேட் சொல்ற சீட்டுல உக்கார வெச்சா, நாலு பேரு பேரம் பேசுனா அழுதுபோடுமேங்க."

வேலைக்கு ஆள் எடுத்த அன்று கம்பெனியின் பங்குதாரர் ஒருவர் சொன்னது இது. என்னிடம் சொல்லவில்லை. என்னை எதிரே நிறுத்தி வைத்துக்கொண்டு மேனேஜர் பழனிவேல் சாரிடம் சொன்னார். சார் என் பக்கம் திரும்பி, "முப்பதுக்கு முப்பத்தஞ்சு அடி. அஞ்சு இஞ்ச் தளம். எத்தன கன மீட்டர் ஆவும்?" என்று கேட்டார்.

"பன்னண்டரைக்குக் கொஞ்சம் உள்ள வரும்ங்க சார்" என்றேன். பேனாவோ கால்குலேட்டரோ கேட்கவில்லை.

"திங்கக்கெழமை வந்துரு."

அந்தத் திங்கட்கிழமை முதல் ஒன்பது வருடங்கள் அந்த நாற்காலியில் இருந்தேன். பேரம் பேசியவர்கள் நூற்றுக்கணக்கானவர்கள். அதற்காக ஒரு நாளும் அழவில்லை.

ஏற்காடு மலை அடிவாரத்துக்குச் சற்று முன்னால், சேலம் பக்கமாக இருக்கிறது அந்த ரெடிமிக்ஸ் கான்கிரீட் பிளாண்ட். போன மாதம் அதை விட்டு வந்துவிட்டேன். என் நாற்காலியில் இப்போது ரேவதி உட்கார்ந்திருக்கிறாள். சாயங்காலம் ஆனால் அவளுடைய போன் வந்துவிடும். "அக்கா, ஏற்காட்டுல ஊடு கட்டுறவங்க ஒருத்தர் கேக்கறாங்க. கன மீட்டர் என்ன ரேட்டுன்னு சொல்றது?" அரை நிமிடத்தில் சொல்லக்கூடிய விஷயமாக இருந்தால் சொல்லியிருப்பேன். இல்லை என்பதால் எழுதுகிறேன். ஒரே இடத்தில் உட்கார எனக்கு இப்போது பொறுமை இல்லை. ஒரு பக்கம் எழுதுவதற்குள் மூன்று முறை எழுந்துவிட்டேன். எழுத்து அங்கங்கே தாவினால் ரேவதி பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பாவும் அம்மாவும் ஏற்காட்டைத் தாண்டி ஒரு காப்பி எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். பத்தாவது வரை மலையில், பிறகு சேலத்தில் ஹாஸ்டல், பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ. அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. படித்தேன், முதல் வகுப்பில் தேறினேன். லீவில் வீட்டுக்குப் போனால் ஒரு வேலை காத்திருக்கும். எஸ்டேட் ரைட்டர் கொடுத்துவிட்ட தாள்களை அப்பா டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருப்பார். நான் ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்வேன். முன்பக்கம் முடிந்ததும் "திருப்பு சாமி" என்பார். பின்பக்கத்தில் என்ன இருக்கிறதோ என்ற பயம் அவருக்குக் கடைசிவரை போகவில்லை.

இப்போது ரேட்டுக்கு வருகிறேன்.

ஒரு கன மீட்டருக்கு இவ்வளவு ரூபாய் என்று பிளாண்டில் ஒரு எண் உண்டு. அதை இங்கே எழுதப்போவதில்லை; சிமென்ட் விலை மாறினால் அடுத்த வாரமே அது பொய்யாகிவிடும். அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்பது மாறாது. சிமென்ட், நிலக்கரிச் சாம்பல், எம்-சாண்ட் என்கிற அரைத்த மணல், இரண்டு அளவு ஜல்லி, தண்ணீர், கான்கிரீட் சீக்கிரம் இறுகிவிடாமல் பிடித்து வைக்கும் ஒரு திரவம். பிளாண்டில் அந்தத் திரவத்தை நாங்கள் மருந்து என்றே சொல்வோம். இவை எடை போட்டுக் கலந்து, உருளும் டிரம் வைத்த லாரியில் விழுந்து, கட்டுமான இடத்துக்குப் போய்ச் சேரும் வரைக்கும் அந்த எண்.

வீடு கட்டுகிறவர்களுக்கு அந்த எண் போதாது. அடுக்குமாடி கட்டுகிற கம்பெனிக்காரர் நாள் முழுக்க லாரி லாரியாக வாங்குவார். வீடு கட்டுகிறவர் ஒரு கூரைக்கு வாங்குவார், அதோடு சரி. கடைசி லாரியில் பாதிதான் தேவைப்படும். ஆனால் லாரிக்கு டீசல் பாதியாகாது, ஆகவே அரை லோடுக்குத் தனிக் கட்டணம். மேல்மாடிக்கு ஏற்ற பம்ப் வேண்டும், அது பத்துக் கன மீட்டர் தள்ளினாலும் ஐம்பது தள்ளினாலும் ஒரே வாடகை. லாரி நிற்க வேண்டி வந்தால் அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருப்புக் கட்டணம். இந்த மூன்றும் சேர்ந்தால் முதலில் சொன்ன எண் வேறு எண்ணாகிவிடும்.

மலை என்றால் நான்காவது ஒன்று சேரும். இருபது கொண்டை ஊசி வளைவுகள். சமவெளியில் ஆறு கன மீட்டர் ஏற்றும் லாரியில் மலைக்கு நான்குதான் ஏற்றலாம். டிரம்மின் வாய் பின்னால் இருக்கிறது. ஏற்றத்தில் லாரி மூக்கைத் தூக்கினால் உள்ளே இருப்பது வெளியே வழியும். பதினாறு கன மீட்டர் கூரைக்குச் சமவெளியில் மூன்று லாரி. மலையில் நான்கு, அதுவும் ஒவ்வொன்றும் இரண்டு மடங்கு நேரம். மலை விலை என்பது இதுதான்.

பழனிவேல் சார் இதை எப்படிச் சொல்வார் என்பதைச் சொல்ல வேண்டும். யார் போன் செய்தாலும் பெயரைக் கேட்கமாட்டார். "லாரி திரும்ப எடம் இருக்குதுங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. ரோட்டின் அகலம், மேலே போகும் மின்கம்பி, பக்கத்து வீட்டுக்காரரின் மதில் எல்லாம் கேட்டுக்கொண்ட பிறகுதான் "நீங்க யாருங்க?" என்பார். போனில் ரேட் சொல்லமாட்டார். நேரில் வரச் சொல்வார். வந்தவருக்குச் சுடுதண்ணீர் கொடுப்பார். அவரும் அதையே குடிப்பார். பிறகு ஒரு தாளை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து, கல்யாணப் பத்திரிகை போலக் கொடுப்பார். முன்பக்கத்தில் பெரிதாக அந்த ஒரே எண். அரை லோடு, பம்ப், காத்திருப்பு, மலைப்பாதை, சென்ட்ரிங் பலகைக்குக் கம்பெனி பொறுப்பல்ல என்பது போன்றவை எல்லாம் பின்பக்கத்தில், எறும்பு வரிசை போன்ற எழுத்தில்.

நான் சேர்ந்த இரண்டாவது மாதமே கேட்டேன். "சார், இதையெல்லாம் முன்னாடியே போட்டா என்னங்க?"

"போட்டா நம்ம எண்ணு பெருசாத் தெரியும். பக்கத்துப் பிளாண்டு எண்ணு சிறுசாத் தெரியும். மொதல்ல வரட்டும். அப்பறம் சொல்லிக்கலாம்."

"சொல்றதில்லையேங்க சார். பில்லுலதான் சொல்றோம்."

அவர் சுடுதண்ணீரைக் குடித்தார். பொய் சொல்லும் மனிதர் அல்ல அவர். எடையில் ஒரு கிலோ குறைந்தாலும் லாரியைத் திருப்பிக் கொட்டச் சொல்வார். பின்பக்கத்தைப் படிக்கவேண்டியது வாங்குபவரின் வேலை என்பது அவர் நினைப்பு. என் அப்பாவைப் போன்ற ஒருவர் அந்தத் தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போவதை ஜன்னல் வழியாகப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கால் நிற்காது. எழுந்துபோய் யார்டில் ஜல்லிக் குவியலைச் சுற்றி நடந்துவிட்டு வருவேன்.

மூன்று வருடம் நச்சரித்த பிறகு ஒரு நாள், "மலைக்கு மட்டும் உன்ர இஷ்டப்படி தாளு போடு. நட்டமாச்சுன்னா உன்னையத்தான் கேப்பேன்" என்றார்.

அந்தத் தாளைப் போடுவதற்காக லாரியில் ஏறினேன். டிரைவர் சின்ராசு அண்ணன் கதவைத் திறந்துவிட்டுச் சந்தேகமாகப் பார்த்தார்.

"ஏனுங்க மேடம், வாந்தி எடுப்பீங்களா?"

"நான் மலைக்காரிங்க அண்ணா."

"மலைக்காரிங்கதான் பஸ்ஸுல ஜன்னலோரம் உக்காந்து எடுக்கறாங்க."

மடியில் நோட்டு, கையில் கடிகாரம். ஒவ்வொரு வளைவிலும் நேரம் எழுதினேன். ஆறு கன மீட்டர் ஏற்றி ஒரு தடவை போய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன். "மூணாவது வளைவுல குரங்குக்கெல்லாம் கான்கிரீட் பரிமாறணும், வேண்டாங்க" என்றார். நான்கு கன மீட்டரோடு ஏற எத்தனை நிமிடம், காலியாக இறங்க எத்தனை, எதிரே பஸ் வந்தால் எவ்வளவு, ஜீப் வந்தால் எவ்வளவு என்று ஏழு நாள் எழுதினேன். பிறகு ஒரு தாள் தயாரித்தேன். மலை வீடுகளுக்கான தாள். ஒரே பக்கம். எல்லாம் சேர்த்து ஒரே விலை. கூரையின் அளவைச் சொன்னால் மொத்தத் தொகை. அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. பின்பக்கத்தில் ஒரு புள்ளிகூட இல்லாமல் அச்சடித்து வந்த அன்று எனக்கு இருந்த கர்வத்தை மறைக்க நான் முயலவில்லை.

அந்தத் தாளைப் பார்த்து முதல் சில மாதங்கள் மலையிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் ஓடினார்கள். சார் சொன்னதுதான்; எண் பெரிதாகத் தெரிந்தது. ஒரு லாட்ஜ்காரர் மட்டும் வாங்கினார். அவருக்குப் போன லோடு ஒன்று, ரிப்பேராகி நின்ற பஸ்ஸின் பின்னால் மாட்டிக்கொண்டு, மேலே போய்ச் சேருவதற்குள் இறுகிவிட்டது. டிரம்முக்குள் ஆள் இறங்கி உடைத்து எடுக்க வேண்டியதாயிற்று. சார் என்னைத் திட்டவில்லை. அந்த லோடின் டெலிவரிச் சீட்டை என் மேஜைமேல் வைத்தார். நான் எடுத்துக் கோப்பில் வைத்தேன். மறுநாள் மறுபடியும் மேஜைமேல் இருந்தது. ஒரு வாரம் இப்படியே நடந்தது.

அதற்குப் பிறகு வந்தவர்தான் ஜமீலா அக்கா. ஏற்காடு கடைவீதியில் மிளகு, ஏலக்காய், காப்பித்தூள் கடை. கணவர் இறந்த பிறகு கடையைத் தனியாக நடத்தினார். கடைக்குப் பின்னால் சரிவில் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார். தாளை வாங்கி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். கேள்வி கேட்டார். பேரம் பேசினார். நான் இறங்கவில்லை.

"மேஸ்திரி கையாலயே கலந்து போட்டுடலாம்ங்கறாரு. இதவுட நொம்பக் கம்மி" என்றார்.

"நாப்பது ஆளு, ரெண்டு மிக்சரு, ஒரு நாளு முழுக்க ஆவும்ங்க அக்கா. மொதல்ல போட்டதுக்கும் கடைசியாப் போட்டதுக்கும் ஒரே கலவையா இருக்கும்னு அவரு எழுதிக் குடுப்பாரா?"

"நீ எழுதிக் குடுப்பியா?"

"குடுப்பேன்."

அவர் சிரிக்கவில்லை. தாளைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "கண்ணு, நான் ஆயுசுக்கு ஒரு ஊடுதான் கட்டுவேன். இந்தத் தொகைக்கு மேல எங்கிட்ட இல்ல. இதுல சொல்லாம வுட்டது ஏதாச்சும் இருந்தா இப்பவே சொல்லிரு."

"இல்லீங்க அக்கா. இவ்வளவுதான்."

அதை நான் மிகச் சுலபமாகச் சொன்னேன்.

கான்கிரீட் போட்டது மார்கழியில் ஒரு புதன்கிழமை. லாட்ஜ்காரரின் லோடு இறுகியது என் மனதில் இருந்தது. இந்த முறை எந்த வளைவில் எத்தனை நேரம் நின்றாலும் இறுகக் கூடாது என்று, மருந்தின் அளவை ஏற்றிப் போடச் சொன்னேன். மலைக்கு வழக்கமாகக் கொஞ்சம் கூட்டுவோம். அதற்கும் மேல் கூட்டினேன். சார் அன்று சேலத்தில் ஒரு வேலையாகப் போயிருந்தார். அவரிடம் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்று நினைத்தேன்.

அன்று ரோட்டில் எந்த பஸ்ஸும் நிற்கவில்லை. நான்கு லாரிகளும் சொன்ன நேரத்தில் ஏறின. ஜமீலா அக்கா வீட்டில் லாரி வருவதற்கு முன்பே ஓதி முடித்து, முதல் சட்டிக் கான்கிரீட்டை வாங்குவதற்கு அவருடைய மாமியார் தயாராக நின்றிருந்தார். அரை மணிக்கு மேல் காத்திருப்புக் கூடாது என்று நான் சொன்னதை அவ்வளவு கவனமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். கோவிந்தன் மேஸ்திரி மட்டும் பம்ப் குழாயைப் பார்த்து முகம் சுளித்தார். "கலவ கெட்டியா இருக்குது, ரெண்டு கொடம் தண்ணி வுடச் சொல்லுங்க" என்றார். நான் விடவில்லை. பகல் பன்னிரண்டுக்குள் கூரை முடிந்துவிட்டது. கையால் கலந்திருந்தால் இருட்டியிருக்கும். பிரியாணி போட்டார்கள். சாப்பிட்டுவிட்டு, மலையை ஜெயித்தவள் போல பஸ் பிடித்து இறங்கினேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஜமீலா அக்கா போன் செய்தார்.

"கண்ணு, தளத்துல வெரலு எறங்குது."

முதல் பஸ்ஸில் ஏறினேன். வீட்டு வாசலுக்குப் போகும்போதே புரிந்துவிட்டது. பனி மூட்டத்தில் எதிர் வீடு தெரியவில்லை. துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டும் காது வலித்தது. நான் பிறந்த மலை. மார்கழியில் இங்கே எப்படி இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கீழே, முப்பது டிகிரி வெயிலில், பாதையை மட்டும் நினைத்துக்கொண்டு மருந்தின் அளவைச் சொல்லியிருந்தேன். பாதையில் இறுகாமல் இருக்க வேண்டிய கான்கிரீட், வந்து சேர்ந்த பிறகும் குளிரில் இறுகாமல் கிடந்தது. வளைவுகளை எல்லாம் எண்ணிய நான், வளைவுகள் முடிகிற இடத்தில் இருக்கும் குளிரை எண்ணவில்லை.

ஏணியில் ஏறிப் பார்த்தேன். கட்டைவிரலை வைத்தேன். பிசைந்த மாவில் பதிவதுபோலப் பதிந்தது.

கோவிந்தன் மேஸ்திரி கீழே நான்கு ஆட்களோடு நின்றிருந்தார். மண்வெட்டிகள் வந்திருந்தன. "கலவ செத்துப்போச்சுங்க. இனி இது கல்லாகாது. இப்பவே வாரிக் கொட்டுனா கம்பியாச்சும் மிஞ்சும். நாளைக்கின்னா அதுவும் போச்சு" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருடைய முப்பது வருட வேலையில் மறுநாள் காலையில் இறுகாத கான்கிரீட் என்றால் கெட்டுப்போன சிமென்ட்தான்.

ஜமீலா அக்கா என்னைப் பார்த்தார்.

"நான்தான் மருந்தக் கூட்டிப் போடச் சொன்னேன்" என்றேன். "வழியில நின்னுரக் கூடாதுன்னு பயந்து கூட்டுனேன். இங்க இருக்கற குளிர நெனைக்கல. தப்பு என்னுதுங்க அக்கா."

"அத அப்பறம் பேசலாம். இது நிக்குமா நிக்காதா?"

"நிக்கும். நாளாகும்."

"புத்தகத்துல படிச்சதா, கண்ணுல பாத்ததா?"

"படிச்சதுங்க."

அவர் தளத்தை நிமிர்ந்து பார்த்தார். முட்டுக் கொடுத்த கம்புகளுக்கு நடுவே நடந்துபோய்த் திரும்பி வந்தார். "மேஸ்திரி, மம்பட்டியக் கீழ வைங்க" என்றார்.

சாருக்குப் போன் செய்தேன்.

"மருந்து எத்தன?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. சொன்னேன்.

"யாரக் கேட்டு?"

"யாரையும் கேக்கலீங்க சார்."

"மேல ஒருத்தரையும் நடக்க வுடாத. பிளாஸ்டிக் சீட் போட்டு மூடு. முட்டு ஒண்ணுகூட அசையக் கூடாது. வர்றேன்."

அவர் வந்து சேருவதற்குள் கடைவீதியில் கிடைத்த தார்ப்பாய், பிளாஸ்டிக் சீட் எல்லாம் வாங்கி மூடினோம். தூறல் வேறு ஆரம்பித்தது. என்னால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. தளத்துக்கு அடியில் ஒவ்வொரு முட்டாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தேன். எண்பத்து நான்கு முட்டுகள். "மேடம் சாமி சுத்தறாங்க" என்று மேஸ்திரியின் ஆட்களில் ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. மற்றவர்கள் சிரித்தார்கள். நான் தொடர்ந்து நடந்தேன்.

சார் ஜீப்பில் வந்தார். அன்று சுடுதண்ணீர் கேட்கவில்லை. ஏணியில் ஏறி, பிளாஸ்டிக் சீட்டை ஓரமாகத் தூக்கி, விரலால் அழுத்தினார். பிறகு கான்கிரீட்டில் ஒரு கிள்ளு எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே உருட்டினார். முந்தின நாள் சோதனைக்காக ஊற்றி வைத்த கட்டிகள் தளத்தின் மூலையில் இருந்தன, அவற்றையும் தொட்டார். இறங்கி வந்து ஜமீலா அக்காவிடம், "நாளைக்குக் காத்தால கெட்டியாயிரும்ங்க. பலம் மெதுவாத்தான் ஏறும். பதினாலு நாள்ல பிரிக்கற முட்ட இருபத்தெட்டு நாள் வுட்டுடுங்க" என்றார்.

"சென்ட்ரிங் சாமான் வாடகைக்கு எடுத்ததுங்க. கூட ரெண்டு வாரத்துக்கு யாரு குடுக்கறது?"

"சென்ட்ரிங் எங்க பொறுப்புல வராதுங்க. தாள்லயே போட்டிருக்கும்" என்று சொல்லி, அக்கா நீட்டிய தாளை வாங்கினார். முன்பக்கம் பார்த்தார். திருப்பினார்.

பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் தரையைப் பார்த்தேன். ஜமீலா அக்கா மெதுவாகச் சொன்னார். "இதுக்கு மேல ஒண்ணுமில்லன்னு இந்தப் புள்ள சொல்லுச்சுங்க. அத நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன்."

சார் தாளை வந்த மடிப்பிலேயே மடித்து அவரிடம் கொடுத்தார். "அந்த வாடக கம்பெனி குடுத்துரும்ங்க" என்றார்.

ஜீப்பில் இறங்கும்போது பதினொன்றாவது வளைவில் அவர் சொன்னார்: "தப்பு மருந்துல இல்ல. தாள்ல. நாளையிலிருந்து பழைய தாளு."

"பழைய தாளா இருந்திருந்தா அந்த வாடக அவங்க தலையில வுழுந்திருக்கும் சார்."

"அதுக்குத்தான் தாளு."

மறுநாள் காலை தளம் இறுகியிருந்தது. ஜமீலா அக்கா போனில் சொன்னார்: "வெரலு எறங்கல. ஆணி வெச்சுப் பாத்தேன், அதுவும் எறங்கல." ஆனால் அது பலத்துக்குச் சாட்சி அல்ல என்று எனக்குத் தெரியும். ஏழாம் நாள் மலையிலிருந்து மூன்று கட்டிகளைக் கொண்டுவந்து பிளாண்டில் அழுத்திப் பார்த்தோம். தாங்க வேண்டியதைவிடக் குறைந்த பாரத்திலேயே உடைந்தன. அடுத்த மூன்று வாரங்கள், ஞாயிறுதோறும் பஸ் ஏறிப் போய் முட்டுகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். அதனால் தளத்துக்கு ஒரு பயனும் இல்லை. ஜமீலா அக்கா காப்பி கொடுப்பார். மிளகு விலையைப் பேசுவோம்.

இருபத்தெட்டாம் நாள் மீதி மூன்று கட்டிகளை அழுத்தினோம். முதல் கட்டி தாங்கிய பாரத்தின் எண் வேண்டிய அளவைத் தாண்டிப் போனது. இரண்டாவதும் தாண்டியது. மூன்றாவதை அழுத்தும்போது சார் பக்கத்தில் வந்து நின்றார். அதுவும் தாண்டியது. எண்ணைப் பார்த்துவிட்டுத் தம் அறைக்குப் போய்விட்டார்.

முட்டுப் பிரிக்கும் அன்று நானும் மலைக்குப் போயிருந்தேன். கோவிந்தன் மேஸ்திரி அந்தக் கட்டி எண்களை நம்பவில்லை. ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டு வந்து, நடுக்கூடத்தில் கடைசி வரிசை மிஞ்சியபோது கடப்பாரையைக் கீழே வைத்தார். "ரேட் போட்டவங்க மொதல்ல உள்ள நிக்கட்டும். அப்பறம் நாங்க பிரிக்கறோம்" என்றார். ஆட்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் நடுக்கூடத்தில் நின்றேன். ஏன் செருப்பைக் கழற்றினேன் என்று தெரியவில்லை. மேஸ்திரி என் முகத்தைப் பார்த்துவிட்டு, முட்டின் அடியில் ஆப்பைத் தட்டினார். ஒன்று விழுந்தது. அடுத்தது விழுந்தது. பலகை அரை இஞ்ச் இறங்கித் தளத்திலிருந்து பிரிந்தது. தளம் அதன் இடத்தில் இருந்தது. மேஸ்திரி உள்ளே வந்து என் பக்கத்தில் நின்று, ஓரம் ஓரமாக அண்ணாந்து பார்த்தார். நூல் அளவு விரிசலைத் தேடினார் என்று தெரிந்தது. கிடைக்கவில்லை.

"கையில கலந்திருந்தா இத்தன நாள் ஆயிருக்காதுங்க" என்றார்.

"ஆயிருக்காது" என்றேன்.

ஜமீலா அக்கா உள்ளே வரவில்லை. வாசலில் நின்று முந்தானையை வாய்மேல் வைத்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஐந்து வருடம் அந்த நாற்காலியில் இருந்தேன். பழைய தாள்தான். ஆனால் மலையிலிருந்து யார் வந்தாலும் தாளைக் கொடுத்த கையோடு, பின்பக்கத்தைத் திருப்பி முதல் வரியிலிருந்து சத்தமாகப் படித்துக் காட்டுவேன். பக்கத்து அறையில் சாருக்குக் கேட்கும். அவர் தடுக்கவில்லை. பாதிப் பேர் எழுந்து போவார்கள். அந்த மாதக் கணக்கில் என் பெயருக்கு நேரே வியாபாரம் குறைவாக இருக்கும். அதையும் அவர் சத்தமாகப் படிப்பார்.

ரேவதி, நீ கேட்டது ரேட். நான் சொல்வது இதுதான்: அரை லோடு, பம்ப், காத்திருப்பு, பாதை, இவற்றோடு குளிரையும் எண்ணிக்கொள். மார்கழி, தை என்றால் முட்டு நிற்கும் நாட்களைக் கேட்டு, அந்த வாடகையையும் கூட்டிச் சொல். பெரிய எண்ணாகத்தான் வரும். வாய் கூசாமல் சொல். அவர்கள் போனால் போகட்டும்.

எனக்கு அதுவும் போதவில்லை. யார்டில் ஜல்லிக் குவியலைச் சுற்றி நடக்கும்போது ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. மணலும் ஜல்லியும் சிமென்ட்டும் எந்த வளைவில் எத்தனை மணி நேரம் நின்றாலும் கெடுவதில்லை. தண்ணீர் சேர்ந்த பிறகுதான் நேரம் ஓட ஆரம்பிக்கிறது. அந்தத் தண்ணீரை எதற்காக அடிவாரத்தில் சேர்க்கிறோம்? பாதைக்குப் பயந்து மருந்து, மருந்துக்குப் பயந்து முட்டு, முட்டுக்கு வாடகை. எல்லாவற்றின் விலையும் விழுவது வீடு கட்டுகிறவர் தலையில். சாரிடம் சொன்னேன். "மலைமேல இருக்கற வேலைக்குத் தனி பிளாண்டு கட்டுப்படியாவாது" என்றார். அவருடைய கம்பெனிக்கு அது உண்மை.

தானே ஜல்லியை அள்ளிப் போட்டுக்கொண்டு, எடை பார்த்து, தானே கலக்கும் சின்ன வண்டி ஒன்று இருக்கிறது. செல்ஃப் லோடர் என்பார்கள். ஒரு தடவைக்கு இரண்டரைக் கன மீட்டர். பழைய வண்டி ஒன்றைப் பார்த்து வைத்து, வங்கியில் கடனுக்கு எழுதிக் கொடுத்து, நான்கு முறை அலைந்து வாங்கினேன். கடன் தாளை முன்னும் பின்னும் படித்த பிறகு கையெழுத்துப் போட்டேன். ராஜினாமா கடிதத்தை சார் வாசித்துவிட்டு, "லாரி திரும்ப எடம் பாத்துட்டியா?" என்று கேட்டார். பார்த்துவிட்டேன் என்றேன். ஏற்காட்டிலிருந்து கிளியூர் போகும் ரோட்டில், ஒரு தோட்டக்காரரிடம் எட்டு சென்ட் குத்தகைக்கு எடுத்திருந்தேன்.

போன வியாழக்கிழமை வண்டி மலை ஏறியது. பக்கத்து சீட்டில் நான் இருந்தேன். கிளியூரில் ஆரஞ்சும் மிளகும் வைத்திருக்கும் ஒரு விவசாயி தம் மகனுக்கு வீடு கட்டுகிறார். அவரிடம் தொகையைச் சொன்னேன். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"ஏனுங்க, இத்தன சிறுசா இருக்குது. எங்கூட்டுக் கூரை முழுக்க இதுல ஆவுமா?"

"ஏழு தடவ போட்டா ஆவும்ங்க. ஒவ்வொரு தடவையும் உங்க கண்ணு முன்னாடி, உங்க ஊட்டு வாசல்ல வெச்சுத்தான் தண்ணி சேப்பேன்."

அவர் மனைவியைக் கேட்டுவிட்டு வருவதாகப் போனார். நான் காத்திருக்கவில்லை. மலைக் குளிரில் இந்தக் கலவை எத்தனை மணி நேரத்தில் இறுகுகிறது என்று பார்க்க ஆறு கட்டிகளை ஊற்றித் திறந்த வெளியில் வைத்தேன். இரண்டு நாள் கழித்து அவர் முன்பணத்தோடு வந்தபோது, எத்தனை நாளில் முட்டுப் பிரிக்கலாம் என்ற எண்ணைத் தொகைக்குப் பக்கத்திலேயே எழுதிக் கொடுத்தேன். அதற்கு மேல் ஒரு நாள் ஆனாலும் வாடகை என்னுடையது என்றும் எழுதினேன்.

நேற்று அவர் வீட்டு வாசலில் ஜல்லி இறங்கியது. மணலைத் தார்ப்பாய் போட்டு மூடி, ஓரத்தில் கல் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.